பேசாத நோயாளி

தமிழ்த் திரைப்படம் புற்றுநோயாளியைப் பாட வைத்திருக்கிறது, தியாகம் செய்ய வைத்திருக்கிறது, இறுதிக் காட்சியில் இறக்கவும் வைத்திருக்கிறது. தன் நோயைப் பற்றி அவரைப் பேச வைத்ததுதான் மிக அரிது. இக்குறையைச் சற்று விரிவாகவே நோக்க விழைகிறோம். திரைப்படத்தில் தொடங்கினாலும் நாம் சென்று சேர வேண்டிய இடம் வேறு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்து, உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்ட ஓர் ஆய்வறிக்கையே அது. அவ்வறிக்கையையும் ஓர் எழுத்துப் படைப்பாகக் கொண்டு வாசிக்க முடியும் என்பதும், வாசிக்க வேண்டும் என்பதும் நம் கருத்து.

1982ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆர். சுந்தர்ராஜனின் 'பயணங்கள் முடிவதில்லை'யில் பாடகனாக வளர்ந்துவரும் இளைஞன் தன்னைப் புற்றுநோய் பற்றியிருப்பதை அறிகிறான். அறிந்தவுடன் அவன் செய்வது, தன்னை நேசிக்கும் பெண்ணிடம் அதனை மறைத்து அவளை வெறுத்தொதுக்குவது. 'வாழ்வே மாயம்' படத்திலும் இதே கதைதான். தெலுங்கில் முந்தைய ஆண்டு வெளியான 'பிரேமாபிஷேகம்' படத்தின் தமிழாக்கம் அது. அதன் நாயகன் தான் ஒழுக்கங்கெட்டவன் என்று காதலி நம்பும்படி நடிக்கிறான். அவள் வேறொருவனை மணந்து நலமாக வாழ வேண்டும் என்பது அவன் நோக்கம். இரு படங்களுக்கும் அரங்குகள் நிறைந்தன. பாட்டுகளை இன்றும் மதுரைத் தேநீர்க் கடைகளில் கேட்கலாம். ஆனால் இரண்டிலும் நோயாளியின் மேலான அறம் எது என்று கேட்டால், மறைத்தல் என்றே விடை வரும். பொய் சொல்லுதல் இங்கே அன்பின் உச்சமாகிறது. அந்தப் பெண்ணுக்கு உண்மையை அறியும் உரிமை உண்டா, நோயுற்றவன் அருகில் இருந்து பணிவிடை செய்ய அவள் விரும்பியிருப்பாளா என்ற வினாக்களைப் படம் எழுப்புவதில்லை. அவளுக்காக அவனே முடிவெடுத்துவிடுகிறான்; பார்வையாளர்களும் கண்ணீர் மல்க அதனை ஏற்றுக்கொள்கிறார்கள்.

இருபது ஆண்டுகள் முன்னதாக, 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' இவ்வகையில் மேம்பட்டது என்றே சொல்வோம். அங்கே நோயாளியான கணவன் தன் நிலையை அறிந்தவன். தன் மனைவியும் மருத்துவரும் முன்னொரு காலத்தில் நேசித்தவர்கள் என்பதையும் அறிந்துகொள்கிறான். தான் இறந்தால் அவரை மணந்துகொள் என்று மனைவியிடம் வாய்விட்டே சொல்கிறான். முத்துராமன் ஏற்ற அப்பாத்திரத்தில், மரணத்தை எதிர்நோக்கும் ஒரு மனிதன் தன் வாழ்வைப் பற்றித் தானே பேசும் அபூர்வமான தருணம் அமைகிறது. அந்தத் துணிவு நெடுநேரம் நீடிக்கவில்லை என்பதே நம் குறை. கதையின் முழுப் பாரமும் விரைவிலேயே மருத்துவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. பழைய காதலியின் கணவனைக் காப்பாற்றியாக வேண்டும் என்று உண்ணாமல் உறங்காமல் உழைப்பவர் அவர். அறுவை மருத்துவம் வெற்றி பெறுகிறது. நோயாளி பிழைக்க மருத்துவர் இறக்கிறார். ஆலயம் எழுவது மருத்துவருக்குத்தான். படுக்கையில் கிடந்தவன் என்ன நினைத்தான், அவனுக்கு எங்கே வலித்தது என்பது பின்னணிக்குப் போய்விடுகிறது. 1965இல் வந்த 'நீர்க்குமிழி'யோ முழுக்க முழுக்க மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் படம். பாலசந்தர் முதன்முதலாக இயக்கியது. நாடகமாக இருந்து படமானது. நாகேஷ் ஏற்ற புற்றுநோயாளி சேது பிறரைச் சிரிக்க வைப்பவன். நோயாளிக்கு ஒரு நாவைக் கொடுத்த படம் அது என்று பாராட்டலாம். ஆனால் அந்த நாவும் பெரும்பாலும் பிறரை மகிழ்விக்கவே பயன்பட்டது.

திரைப்படத்தை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது. படம் பார்த்தவர்களின் இல்லங்களிலும் இதே நாடகம் நடைபெறுகிறது. மதுரை பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனையிலோ அரசு இராசாசி மருத்துவமனையிலோ நோய் இன்னதென்று உறுதியானதும், அச்செய்தி முதலில் போய்ச் சேருவது நோயாளியிடமன்று. மகனிடமோ மருமகனிடமோ தனியே சொல்லப்படுகிறது. பங்குப்பணியில் இருப்போர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. நற்கருணையோடு வீட்டு வாசலை அடைந்தவுடன் மூத்த மகன் ஓடிவந்து, "சாமி, அப்பாவுக்கு என்ன நோவுன்னு தெரியாது. அல்சருன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்க எதுவும் கேட்டுக்கிடாதீங்க" என்று மெல்லிய குரலில் சொல்வார். உள்ளே போனால், மகன் வெளியே தண்ணீர் எடுக்கச் சென்ற இடைவெளியில் அப்பா சொல்வார்: "எனக்கு எல்லாம் தெரியும் சாமி. பிள்ளைக மனசு சங்கடப்படும்னுதான் கேக்காம இருக்கேன்." இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. சொல்ல வேண்டிய நிலத்தகராறும், கேட்க வேண்டிய மன்னிப்பும், கடைசிப் பெண்ணின் திருமணக் கவலையும் அச்சுவருக்குள் புதைந்துபோகின்றன.

இம்மௌனத்தில் அன்பே இல்லை என்று நாம் கூறவில்லை. மேனாட்டு மருத்துவமனைகளில் நோயாளி தனியொருவராக அமர்ந்து தன் நோயின் பெயரைக் கேட்டுக்கொள்வதைப் போல நம் ஊரில் நடக்க வேண்டும் என்பதும் நம் வாதமன்று. இங்கே நோயுறுபவர் ஒருவராயினும் நோயைச் சுமப்பது குடும்பம். வயலை ஒத்திக்கு வைப்பவரும், பேருந்தில் உடன் வருபவரும், இரவில் விழித்திருப்பவரும் அக்குடும்பத்தாரே. எனவே குடும்பத்திடம் சொல்வது தவறாகாது. நோயாளியை விட்டுவிட்டுச் சொல்வதே தவறு. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தை நம் மக்கள் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுவதற்கும் இதுவே காரணம். சாமியார் எண்ணெயோடு வந்துவிட்டால் நோயாளிக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். நோயுற்றவரைத் தேற்றுவதற்கென்று திருச்சபை தரும் அடையாளத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகியும், மரண ஓலையாகவே நாம் வைத்திருக்கிறோம்.

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணின் நிகழ்ச்சியைப் பலமுறை மறையுரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் கிராமங்களில் மூதாட்டிகள் இந்நோயைப் பெரும்பாடு என்பர். பழைய விவிலிய மொழிபெயர்ப்பிலும் அச்சொல் உண்டு. அப்பெண் மருத்துவர் பலரிடம் சென்று கையிலிருந்த அனைத்தையும் செலவழித்தும் நோய் முற்றியதே தவிரத் தீரவில்லை என்று மாற்கு ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். மருத்துவர் என்று மரபு கூறும் லூக்கா அவ்விடத்தில் தம் தொழிலாளரை அவ்வளவு கடுமையாகச் சாடவில்லை என்பதை உரையாசிரியர்கள் புன்னகையோடு குறிப்பிடுவதுண்டு. நமக்கு இங்கே முக்கியமானது வேறு. ஆடையைத் தொட்டவுடன் அவள் நலம் பெற்றுவிட்டாள். மருத்துவம் முடிந்துவிட்டது. யாயீரின் மகள் இறக்கும் தறுவாயில் இருக்கிறாள், நேரமில்லை, சீடர்கள் பொறுமையிழக்கிறார்கள். அப்படியிருந்தும் இயேசு நின்றுவிடுகிறார். தொட்டவர் யாரென்று தேடுகிறார். அவள் நடுங்கியபடி முன்வந்து, நடந்ததனைத்தையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். நோய் நீங்கினாலும் நோயாளி பேசவில்லையென்றால் அவர் பணி முடிவதில்லை போலும்.

இனி ஆய்வறிக்கைக்கு வருவோம்.

1985இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள், நிலக்கோட்டைப் பூந்தோட்டங்கள் என்று பெண்களின் உடலுழைப்பால் ஓடும் நிலப்பகுதி அது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இயங்கும் கிறித்தவ ஐக்கிய சமூகநல மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் கைகோத்து 2000ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கின. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய எளிய, மலிவான வழியொன்று உயிர்களைக் காக்குமா என்பதே கேள்வி. வழி இதுதான்: கருப்பையின் வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பது. மாறுதலடைந்த திசு வெண்மையாகத் தெரியும். அசெட்டிக் அமிலம் என்பது சமையலறை வினிகரில் இருக்கும் பொருளேயன்றி வேறில்லை. தமிழில் அதற்குக் காடி என்று பெயர். நம் வாசகர்களுக்குச் சிலுவையடியில் மட்டுமே அறிமுகமான சொல்லாக இருக்கலாம்.

இத்தேர்வில் நோயாளியை எண்ணிப் பார்த்த மனம் தெரிகிறது என்பதை முதலில் மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். பாப் சோதனை எனப்படும் முறையில் திசுவணுக்களைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருந்து, மீண்டும் பெண்ணை வரவழைக்க வேண்டும். மீண்டும் வருவதென்றால் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு என்ன பொருள்? மற்றொரு நாள் கூலி போகும். மற்றொரு முறை பேருந்துக் கட்டணம், மாமியாரிடம் மற்றொரு விளக்கம். அம்பிளிக்கைக் குழுவினர் பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு பார்த்தனர். ஐயம் இருந்தால் அன்றே உருப்பெருக்கிக் கருவியால் நோக்கினர். தகுந்த இடத்தில் அன்றே, அச்செவிலியரே, உறைகுளிர் முறையில் கெட்ட திசுவை அழித்தனர். பெரிய மருத்துவரும் பெரிய கட்டடமும் இல்லாமல் ஒரே வருகையில் முடிந்த பணி. நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம் என்று இன்று மாநாடுகளில் நெடிது பேசுகிறார்கள். ஒரு பெண்ணின் ஒருநாள் கூலியை மதித்து அமைத்த இந்த ஒழுங்கைவிடச் சிறந்த விளக்கம் அத்தொடருக்கு நமக்குத் தெரியவில்லை.

2007ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. முதலாசிரியர் ரெங்கசாமி சங்கரநாராயணன். கட்டுரையின் முகப்பிலுள்ள பொழிப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். உலகில் பெரும்பாலோர் வாசிப்பதும் மேற்கோள் காட்டுவதும் அதனைத்தான். மாவட்டத்தின் சிற்றூர்கள் 114 தொகுதிகளாக வகுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் 57 தொகுதிகளுக்குச் சோதனை கிடைத்தது. ஏனைய 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கு. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் கணக்கில் கொள்ளப்பட்டனர். சோதனைப் பகுதியில் தகுதியுடையோர் 49,311 பேர். அவர்களுள் 2000 முதல் 2003 வரை சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஒப்பீட்டுப் பகுதியில் 30,958 பேர். 2006 வரை கணக்கெடுத்தபோது சோதனைப் பகுதியில் 167 பேருக்குப் புற்றுநோய் கண்டது, 83 பேர் இறந்தனர். ஒப்பீட்டுப் பகுதியில் 158 பேருக்கு நோய், 92 பேர் இறப்பு. பெண்களின் தொகையையும் ஆண்டுகளையும் பிறவற்றையும் சரிசெய்து பார்த்தால், ஒரே ஒரு முறை செய்த சோதனை நோயை 25 விழுக்காடும் சாவை 35 விழுக்காடும் குறைத்தது. செய்தி தெளிவு. நல்ல பயிற்சியும் இடையறாத கண்காணிப்பும் இருந்தால் இம்முறை ஏழை நாடுகளில் உயிர் காக்கும்.

அறிவியல் எழுத்துக்கு உரிய செறிவும் நேர்மையும் இதில் உண்டு. மிகைப்படுத்தல் இல்லை. சோதனைக்கு வராதவர்களையும் கழித்துவிடாமல், அழைக்கப்பட்ட அனைவரையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். தங்கள் வெற்றியைக் குறைத்துக் காட்டும் கணக்கை விரும்பி ஏற்றுக்கொள்வது இந்நடையின் அறம். நம் இலக்கிய உலகில் இத்தகைய தன்னடக்கம் அருகிவருவதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

ஆயினும் ஓர் இலக்கிய வாசகன் எழுத்தை வாசிக்கும்போது யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று கேட்காமல் இருக்க முடியாது. இப்பொழிப்பில் பெண்கள் வரவில்லை. சோதிக்கப்படுகிறார்கள், ஒதுக்கப்படுகிறார்கள், சேர்க்கப்படுகிறார்கள். வினைகள் எல்லாம் அவர்கள்மேல் நிகழ்பவை. கழித்தல் கணக்குப் போட்டால், அழைத்தும் வராத 17,968 பேர் அதன் எண்களுக்குள் மறைந்திருப்பது தெரியும். மூவரில் ஒருவருக்கு மேல்! அவர்கள் ஏன் வரவில்லை? வெட்கமா? நோயில்லாதபோது எதற்கு என்ற எண்ணமா? அறுவடைக் காலமா? கணவன் போகாதே என்றானா? புற்றின் முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பெண்களுள் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு என்கிறது அறிக்கை. அப்படியானால் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் தமக்குள் ஒன்று வளர்கிறது என்று கண்டறியப்பட்டும் சிகிச்சையின்றி இருந்தனர். ஒரு நாவலாசிரியனுக்கு அந்த ஐந்நூறு பெண்களே கதை. ஆய்வாளருக்கு அவர்கள் ஒரு சதவீதத்தின் மறுபாதி. ஆய்வாளரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் எண்ண வேண்டியவற்றை எண்ணியிருக்கிறார்கள். எண்ணிக்கைக்குப் பின் வந்து கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை; எழுத்தாளர்களும் திருச்சபைப் பணியாளர்களும் அக்கூட்டத்தில் அடங்குவர்.

இதைவிடக் கனமான வினா ஒப்பீட்டுப் பகுதியைப் பற்றியது. அங்கிருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு கிடைத்ததாக அறிக்கை கூறுகிறது. 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் சிற்றூர் ஒன்றில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான முன்சோதனை என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அத்தொடரின் பொருள், ஒன்றுமில்லை என்பது. 'வழக்கமான' என்னும் அமைதியான சொல்லுக்குள் இல்லாமை மறைந்துகொள்வதை மொழியறிந்தோர் கவனிக்க வேண்டும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மும்பை, அன்றைய உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளிலும் சோதனையளிக்கப்படாத 1,38,624 பெண்களுள் 254 பேர் இந்நோயால் இறந்தனர் என்பதும், முன்சோதனை உயிர் காக்கும் என்று பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, வெறுமனே விட்டுவைத்த ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டது அறமாகாது என்பதும் அவர் வாதம். அந்த 254 பேரில் 92 பேர் நம் பக்கத்து மாவட்டத்தவர்.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். பாப் சோதனைக்குத் தேவையான ஆய்வகங்களும் வல்லுநர்களும் நம் கிராமங்களுக்கு இல்லை. பணக்கார நாட்டு முறையைத்தான் தர வேண்டும் என்றால் எவருக்கும் எதுவும் கிடைத்திராது. புதிய எளிய முறை பயன் தருமா, வீண் அச்சத்தையும் வேண்டாத சிகிச்சையையும் பெருக்குமா என்பது அன்று உறுதியாகத் தெரியாது. உறுதியான சான்று இல்லாமல் எந்த அரசும் இதற்குப் பணம் ஒதுக்காது. ஆய்வு எவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. அது வராதிருந்தாலும் அந்த 57 தொகுதிகளுக்கு ஒன்றும் கிடைத்திராது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. பின்னர்த் தமிழ்நாடு அரசு நலவாழ்வுத் திட்டத்தின்கீழ்த் தேனியிலும் தஞ்சையிலும் கருப்பை வாய்ச் சோதனையை முன்னோட்டமாக நடத்தி, அதன்பின் மாநிலமெங்கும் விரித்தது. அம்பிளிக்கையின் சான்று இல்லாமல் அது அத்துணை எளிதாக நிகழ்ந்திராது என்றே நாம் கருதுகிறோம்.

இருப்பினும் நம் மனம் முழுவதும் அமைதியடையவில்லை. நாமே போட்ட எளிய கணக்கு ஒன்றைச் சொல்கிறோம். சோதனைப் பகுதியில் கிடைத்த அதே 35 விழுக்காட்டுப் பயன் மறுபகுதிக்கும் கிடைத்திருந்தால், 92 பேரில் ஏறத்தாழ 32 பேர் 2006ஐக் கடந்து வாழ்ந்திருப்பர். அறிவு வளர அவர்கள் இறந்தனர் என்று சொன்னால் ஆய்வாளருக்கு அநீதி. அவர்கள் இறப்பு அறிவுக்குப் பயன்பட்டது என்று சொன்னால் அதில் தவறில்லை. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே உள்ள வழி மிகக் குறுகலானது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் ஆற்றிய உரையொன்றை ஆழ்ந்து படித்தோம். மருத்துவ ஆய்வின் அறநெறி எல்லைகளைப் பற்றியது அது. போர்க்காலச் சிறைமுகாம்களில் மருத்துவத்தின் பெயரால் நடந்த கொடுமைகள் உலகின் நினைவில் பசுமையாக இருந்த காலம். மருத்துவருக்கு நோயாளியின்மேல் உள்ள உரிமை நோயாளி தருகிற அளவே என்றும், சமுதாயத்தின் நன்மை எவ்வளவு பெரிதாயினும் தனிமனிதரை அதற்கு உறுப்பாகக் கருதிப் பயன்படுத்த முடியாது என்றும் அவர் வரையறுத்தார். கை உடலுக்காக இருப்பதுபோல் மனிதர் சமுதாயத்துக்காக இருப்பதில்லை என்பது அதன் சாரம். உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கி அறிக்கையை வெளியிட்டது 1964இல்தான். அவ்வறிக்கை 2000ஆம் ஆண்டில் எடின்பரோவில் திருத்தப்பட்டபோது, ஒப்பீட்டுக் குழுவினருக்கும் நிறுவப்பட்ட சிறந்த முறையே கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. திண்டுக்கல் ஆய்வு தொடங்கியதும் அதே ஆண்டில்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாம் எழுப்பும் வினா இது: ஒப்பீட்டுப் பகுதிப் பெண் தான் ஓர் ஒப்பீட்டில் இருப்பதன் முழுப் பொருளை அறிந்திருந்தாளா? பக்கத்து ஊரில் செவிலியர் வந்து பார்க்கிறார்கள், உன் ஊரில் பார்க்கமாட்டார்கள், இது குலுக்கலில் விழுந்தது என்று எவரேனும் அவளிடம் சொன்னால் அவள் என்ன மறுமொழி கூறியிருப்பாள்? ஒருவேளை, "சரி, அடுத்த வருசமாவது எங்க ஊருக்கு வாங்க" என்று சொல்லியிருப்பாள். நம் பெண்களின் பெருந்தன்மையை அறிந்தவர்களுக்கு அது வியப்பளிக்காது. அந்த மறுமொழியைக் கேட்டு எழுதி வைப்பதும் ஆய்வின் பகுதியே. பொழிப்பில் அதற்கு இடமில்லை. ஒப்பீட்டுப் பகுதிக்கு முடிவு வந்தபின் முதல் உரிமை உண்டு என்னும் ஒரு வரியையும் அங்கே காண நாம் விரும்பியிருப்போம்.

அடையாற்றின் வரலாற்றை நினைத்தால் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரிலிருந்தே இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று உறுதி கொண்டார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அது பிறந்தது. அதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த மருத்துவர் வி. சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை ஏழை நோயாளியைத் திருப்பி அனுப்பாத மரபைப் பேணினார். ஒரே ஒரு பெண்ணின் சாவு ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 92 பெண்களின் சாவு ஓர் அட்டவணையில் அடங்கிவிட்டது. எண்கள் பெருகும்போது முகங்கள் மங்குவது இயல்புதான். ஆயினும் அவ்வியல்போடு நாம் உடன்பட்டுவிட வேண்டியதில்லை.

மருத்துவர்மீது குறைகாணும் நாம் நம் சொந்தப் பக்கத்து எழுத்தையும் விட்டுவைக்கலாகாது. நம் கோவில் வாசல்களில் விற்கும் செபப் புத்தகங்களிலும், நோயாளர் தினத்துக்காக அச்சிடப்படும் துண்டுப் பிரசுரங்களிலும் ஒரு நடை உண்டு. வலியை ஒரு பரிசாகவும், பொறுத்துக்கொள்வதை நோயாளியின் கடமையாகவும் பேசும் நடை அது. எழுதுபவருக்கு வலியில்லை, வாசிப்பவருக்கு வலிக்கிறது. இரண்டாம் ஜான் பால் 1984இல் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி எழுதிய மடலை இவர்கள் பாதி வரை மட்டுமே வாசித்தார்கள் போலும். அம்மடல் துன்புறுபவரின் ஒப்புக்கொடுத்தலைப் பேசியபின், நல்ல சமாரியனின் உவமையில்தான் சென்று நிற்கிறது. வழியில் கிடந்தவனிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தவன் அவன். வலியைத் தணிக்கும் மருந்து உயிர்க்காலத்தைச் சற்றுக் குறுக்கக்கூடும் என்று தெரிந்தாலும், வலி நீக்கும் நோக்கத்தோடு அதனைக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே தெளிவாக்கிவிட்டார். நம் நாட்டிலோ போதைப்பொருள் தடுப்பு என்னும் நோக்கில் 1985இல் இயற்றப்பட்ட சட்டம் மார்பினை மருத்துவமனைகளிலிருந்தே விரட்டிவிட்டது. கேரளத்து மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் போன்றோர் பல்லாண்டுகள் போராடியபின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் போராட்டத்தைப் பற்றி நம் மறைமாவட்ட இதழ்களில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று பழைய தொகுதிகளைப் புரட்டுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தின்கீழ் இன்று பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் செல்கிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு வலிதணிப்புப் பணிவிடையும் அதில் ஒரு பகுதி. அப்பணியாளர்கள் கேட்டுவருவதெல்லாம் பதிவேட்டின் கட்டங்களுக்குள் அடங்குபவை அல்ல. அவர்களிடம் திண்ணையில் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது பேசினால் ஒரு சிறுகதைத் தொகுப்பே கிடைக்கும். தமிழில் மருத்துவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் வருகின்றன. நோயிலிருந்து மீண்ட நகரத்துப் படித்த பெண்களின் நூல்களும் ஓரளவு வருகின்றன. திண்டுக்கல் ஆய்வின் இரு பகுதிகளில் எதிலேனும் இருந்த ஒரு பெண், தன் சொல்லில், தன் வட்டாரப் பேச்சில் சொல்லிய வரலாறு எதுவும் இதுவரை நம் கைக்கு வரவில்லை. அன்று 30 வயதில் கணக்கில் சேர்க்கப்பட்டவருக்கு இன்று 55 கடந்திருக்கும். செவிலியர் வந்த ஊரிலும் வராத ஊரிலும் அவர்களுள் பலர் இருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு வருகிறவர்களிலும் சிலர் இருக்கக்கூடும்.